புரிந்ததுபோல் ஆட்டிய தலை

பாய்,

நீங்கள் தைத்துக் கொடுத்த சட்டையைக் கழற்றி இப்போதுதான் கொடியில் போட்டேன். காலர் முழுக்க நனைந்து போயிருக்கிறது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரு போனைப் பார்த்து அரை மணி நேரம் பேசியதற்கு இவ்வளவு வியர்வை. ஈரம் பட்டதும் காலருக்குள் வைத்த கேன்வாஸின் கஞ்சி வாசனை மேலே வந்துவிட்டது. உங்கள் கடையில் எந்நேரமும் இருந்த வாசனை. அது மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான். சொல்லியிருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

வெட்கமாக இருக்கிறது பாய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில், பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வயதில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நான் செய்த காரியத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்புவீர்கள். என் தலை எப்போது எப்படி ஆடும் என்று உங்களுக்குத் தெரியும்.

செங்கம் ரோட்டில் நம் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் உங்கள் மெஷின். இந்தப் பக்கம் என் பக்கெட், மக்கு, கொசுவலை, பூட்டு, தண்ணீர் சுடவைக்கும் ராடு. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்றே என்னிடம் வருவார்கள். வெயிலில் ஒரு வாரம் வெந்தபிறகு தொளதொளவென்று பருத்தி உடுப்பு தைக்க உங்களிடம் வருவார்கள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பயிர் வைத்திருந்த காட்டை விட்டுவிட்டு, அங்கே கடை போட்ட புதிதில் எனக்கு விலை சொல்கிற அளவுக்குத்தான் ஆங்கிலம். உங்களுக்கும் அவ்வளவுதான். ஆனால் உங்களிடம் ஒன்று இருந்தது, என்னிடம் இல்லை.

அந்த நரைத்த கூந்தல்காரம்மா வந்த நாள் நினைவிருக்கிறதா? கடை வாசலில் நின்று, கொசுவலை என்ற சொல்லையும் ‘கேரி’ என்ற சொல்லையும் சேர்த்து என்னவோ கேட்டாள். கேரி என்றால் தூக்குவது என்று எனக்குத் தெரியும். கொசுவலையை நான் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கடையில் ஆள் இல்லை, எப்படிப் போவது? ‘நோ, நோ’ என்று சொல்லித் தலையையும் ஆட்டிவைத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். இருபது கொசுவலை பின்னால் தொங்குகிறது. நீங்கள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்து அவளை மறித்து, “அகெய்ன்?” என்றீர்கள். இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறீர்களாம். அவள் சொன்னாள். மறுபடி “அகெய்ன்?” மூன்றாவது தடவை அவள் கையைக் காட்டிக் காட்டி விளக்கினாள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“யோவ் பக்கெட்டுக்காரரே, தூக்கினு வரச் சொல்லலய்யா. கடையில அந்தச் சரக்கு வெச்சினுகீறீங்களான்னு கேக்குறாங்க. வந்த யாவாரத்த வாசல்லயே திருப்பி உட்டீங்களே.”

அன்று கொசுவலை விற்றது. ஆனால் எனக்கு அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்களோ பெரிய மீன் பிடித்தவர் மாதிரி “கேரி, கேரி” என்று சொல்லிக்கொண்டே மெஷினுக்குத் திரும்பினீர்கள். தெரியாது என்று ஒருவர் முன்னால் காட்டிக்கொள்வது உங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அப்படித்தான் நம் நாலுமணி டீ ஆரம்பித்தது. அந்த வாரம் கடைக்கு வந்த சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளை எடுத்துவைத்துக்கொண்டு பேசுவோம். பெரிய வார்த்தைகளைப் பற்றி உங்களுக்குக் கவலையே கிடையாது. “எலக்ட்ரிசிட்டி, இன்ஃபர்மேஷன், இதெல்லாம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் ஆளுங்க மாதிரி. ஒரு சீட்டுதான், ஒரு வேலைதான். போனா அங்கதான் இருப்பாங்க. இந்தத் துக்குணூண்டு வார்த்தைங்க இருக்குதே, அதுங்கதான் எங்க பாத்தாலும் நிக்குதுங்க. காலைல பாத்தா டீக்கடை, மத்தியானம் பாத்தா பஸ் ஸ்டாண்டு.”

எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நம் தெருவில் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தீர்கள். ‘கெட்’ என்றால் வீட்டு புரோக்கர் ஏழுமலை. வீடு வேண்டுமா, சமையலுக்கு ஆள் வேண்டுமா, ஸ்கூட்டர் வேண்டுமா, எல்லாம் அவன்தான். கோபம் வருவதும் அவன், உடம்பு தேறுவதும் அவன், பஸ் ஏறுவதும் இறங்குவதும் அவன். ‘ரன்’ என்றால் டீக்கடை அக்கா. கடை ஓட்டுவாள், குழந்தைக்கு மூக்கு ஓடினால் துடைப்பாள், பால் தீர்ந்து போகும், அவள் சேலைச் சாயம் மற்ற துணியில் ஓடும், கவுன்சிலர் தேர்தலுக்கும் நின்று பார்த்தாள். ‘செட்’ என்றால் மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ரிட்டையர்டு மணியக்காரர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சூரியன் உட்காருகிறது, தயிர் தோய்ந்து உட்காருகிறது, கல்யாணத் தேதி உட்காருகிறது, உடைந்த எலும்பு கூடி உட்காருகிறது. அதே வார்த்தைக்குப் பின்னால் ‘அவுட்’ வந்தால் கிளம்பிப் போவது என்று ஒருநாள் தெரிந்தபோது நமக்குத் தலை சுற்றியது. நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மணியக்காரரும் ஒருநாள் எழுந்து வூட்டுக்குப் போவணும் இல்ல?” என்றீர்கள். அதோடு அது தீர்ந்தது.

நான் அலுத்துக்கொண்டால் நம் ஊர்ப் பேச்சையே எடுத்து என் முன்னால் வைப்பீர்கள். “நம்மது மட்டும் என்னா யோக்கியமா? கடை போட்டான், சண்டை போட்டான், சட்டை போட்டான், டீ போட்டான், கையெழுத்துப் போட்டான், குட்டி போட்டுச்சி. வெள்ளக்காரன் வந்து இந்த ‘போட்டான்’ எவன்டா, இத்தினி வேலை செய்யுறான்னு கேட்டா என்னா சொல்லுவீங்க? இடுப்புல துணியப் பிடிக்கணும்னு நான் சொல்றேன். சளி பிடிக்குது, பஸ்ஸு பிடிக்கிறாங்க, பொண்ணப் பிடிச்சிருக்குதுன்றாங்க. எல்லாரும் எதையோ ஒண்ணப் பிடிச்சினுதான் இருக்காங்க.”

உங்கள் பேச்சில் நான் சிரிப்பேன். கற்றுக்கொள்ளவும் செய்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் பாய், அந்த டீ நேரத்துக்கு ஒரு வார்த்தையாவது நான் கொண்டுவந்து போட்டிருக்கிறேனா? எல்லாம் நீங்கள் கொண்டுவந்தவை. நீங்கள் யாரையாவது நிறுத்தி “அகெய்ன்?” என்று கேட்டு, அவர்கள் முகம் சுளித்தாலும் சிரித்தாலும் பொறுத்துக்கொண்டு வாங்கிவந்தவை. நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, இந்த டெய்லருக்குத்தான் புரியவில்லை என்று வந்தவர்கள் நினைக்கும்படி ஆட்டுவேன். அதில் எனக்கு ஒரு கௌரவம்கூட இருந்தது என்று எழுதும்போது கை கூசுகிறது.

எனக்கு அந்தத் தலையாட்டல் பள்ளிக்கூடத்தில் வந்தது. ஆங்கில வாத்தியார் “புரிஞ்சிதா?” என்பார். புரியவில்லை என்றவனை எழுப்பி நிற்கவைத்து மறுபடி வாசிக்கச் சொல்வார். வாசித்தால் வகுப்பே சிரிக்கும். தலையாட்டினால் உட்கார்ந்திருக்கலாம். அப்போது ஆட ஆரம்பித்த தலை. வங்கியில் ஆடியது, ஆஸ்பத்திரியில் ஆடியது, என் பெண் மலர் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் மார்க்கைப் பற்றி டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னபோதும் ஆடியது.

மலர் பெங்களூரிலிருந்து வந்து, கூட வேலை செய்யும் ஒடிசாப் பையனைப் பற்றி வீட்டில் சொன்ன மறுநாள் உங்களிடம் ஓடிவந்தேனே. பையன் நல்லவன், அவளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும் ஆட்சேபணை இல்லை. என் கவலை எல்லாம் வேறு. பையனின் அப்பா பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். முதலில் பெரியவர்கள் நாங்கள் மட்டும் வீடியோவில் பேசிக்கொள்கிறோம், பிள்ளைகள் அப்புறம் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் மொழி நமக்குத் தெரியாது, நம் மொழி அவர்களுக்குத் தெரியாது, இந்தியும் எனக்கு வராது. ஆங்கிலம்தான். போதாத குறைக்கு மலர் அவர்களிடம், எங்கப்பா வெளிநாட்டுக்காரங்களோடதான் யாவாரம் பண்றாரு, நல்லா இங்கிலீஷ் பேசுவாரு என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். பாவம், அவள் பார்த்ததெல்லாம் என் தலையாட்டலைத்தான்.

நீங்கள் அன்றைக்கே அளவு நாடாவை எடுத்து என் கழுத்தில் சுற்றினீர்கள். “வீடியோவுல சட்டைதான் மொதல்ல தெரியும். நான் தச்சித் தரேன். வீடியோ கால் வர்ற அன்னிக்கி பக்கத்துல உக்காந்துக்கிறேன், காமிராவுல தெரியாத மாதிரி. உங்களுக்குப் புரியலன்னா என் முட்டியத் தட்டுங்க. நான் குரல் மட்டும் குடுக்கிறேன்.” இந்த ஏற்பாட்டில் எனக்கு அவ்வளவு நிம்மதி. காஜா போடாமல், பித்தான் வைக்காமல் சட்டையை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். முழுசாகத் தைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தது ஒரு வியாழக்கிழமை. அடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தீர்கள். வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலம்கூடத் தாண்டவில்லை என்று உங்கள் பெரிய மகன் போனில் சொன்னான்.

நீங்கள் போய் நாற்பது நாள் முடியட்டும் என்று நானே அந்த வீடியோ பேச்சைத் தள்ளிப்போட்டேன். உங்கள் நினைவுக்கு மரியாதை என்று வீட்டில் சொன்னேன். பாதி அது. மீதி பயம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் வந்தது. என் மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தாள். திரையில் ஒரு சோபா. பையனின் அப்பா கண்ணாடி போட்டு, வெள்ளை மீசை வைத்து, பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, தலையில் முந்தானை, கையில் வெள்ளைச் சங்கு வளையல். கும்பிட்டோம், கும்பிட்டார்கள். நலம் கேட்டார், நலம் சொன்னேன். வெயில் எப்படி என்றார், ஜாஸ்தி என்று சொல்லவந்து சமாளித்தேன். சரி, தேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார். மூச்சுவிடாமல் பேசினார். பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை பாய். எல்லாம் நம் தெரு ஆட்கள். ஏழுமலை வந்தான், டீக்கடை அக்கா வந்தாள், மணியக்காரர் வந்தார், புட் வந்தது, டேக் வந்தது, மேக் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரையும் எனக்குத் தெரியும். பௌர்ணமி கிரிவலத்தன்று ராஜகோபுரத்துக்கு எதிரில் நின்று பார்த்தால் தெரிந்த முகமும் தெரியாத முகமும் ஒன்றாக நெருக்கித் தள்ளிக்கொண்டு போகுமே, அப்படிப் போய்விட்டார்கள். ஒருவரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. என் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அது கேள்வி. பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆமாம் இல்லை என்று சொல்லும் கேள்வி இல்லை போலிருக்கிறது.

என் கை பக்கத்தில் போனது. உங்கள் முட்டியைத் தட்டப் போனது பாய். நாற்காலியின் பிளாஸ்டிக்தான் கையில் பட்டது.

அப்போது செய்தேன் அந்தக் காரியத்தை. “ஹலோ? ஹலோ?” என்றேன். அவர் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்காத மாதிரி காதைக் காட்டினேன். போனை நோக்கி விரலை நீட்டி, அந்தச் சிவப்பு வட்டத்தை அழுத்தி, இணைப்பைத் துண்டித்துவிட்டேன். மனைவி என்னைப் பார்த்தாள். “நெட்வொர்க்” என்றேன். அவள் எழுந்து, முன்னால் பரப்பி வைத்திருந்த பலகாரத் தட்டுகளை உள்ளே எடுத்துப் போனாள். அவர்கள் திரும்பக் கூப்பிட்டபோது போனை அணைத்து வைத்துவிட்டேன்.

சாயந்திரம் பையனின் அம்மாவிடமிருந்து நாலைந்து ஆங்கில வார்த்தையில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. இங்கேயும் நெட் சரியில்லை, கவலைப்படாதீர்கள் என்று. தப்பித்தோம் என்று நினைத்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மலர் கூப்பிட்டாள்.

“அப்பா, உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லயா?”

“யாரு சொன்னது?”

“அவங்கப்பா கேக்கறாராம். பேசினு இருக்கும்போதே கட் பண்ணிட்டாரே, நம்ம பக்கம் பிடிக்கலியோன்னு.”

“நெட்வொர்க்கும்மா. இங்க சரியா கெடைக்கல.”

அவள் மெதுவாகச் சொன்னாள். “அப்பா, உன் விரல் ஸ்கிரீன் ஃபுல்லா வந்துச்சாம். ரெண்டு பேரும் பாத்தாங்களாம்.”

என் விரல் அவ்வளவு பெரிதாக அவர்கள் வீட்டுக் கூடத்தில் போய் நின்றிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாள், இங்கேயும் நெட் சரியில்லை என்று அனுப்பியிருக்கிறார். முன்பின் பழகாத சம்பந்தி வீட்டு மனுஷி என் மானத்தை மூட ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நான் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். என் வெட்கத்தை மறைக்கப்போய், பெண்ணின் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொன்ன அப்பனாகிவிட்டேன்.

“எனக்குப் புரியலம்மா. அவர் சொன்னது ஒண்ணுமே புரியல” என்றேன். மலரிடம் இதுவரை சொல்லாத வாக்கியம்.

அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. “இத அவர்கிட்டயே சொல்லியிருக்கலாம் இல்லப்பா? அடுத்த வாட்டி நானும் லைன்ல இருக்கேன்” என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வந்து பேசினால் நான் மறுபடி தலையாட்ட ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்குத்தான் அந்த அடுத்த கால். அதே சோபா, அதே இருவர். பெரியவர் முகத்தில் போன தடவை இருந்த சிரிப்பு இல்லை. நான் கும்பிட்டுவிட்டு, அவர் ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட்டேன். போனவாட்டி நெட்வொர்க் கெடவில்லை. நான்தான் துண்டித்தேன். உங்கள் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, வெட்கமாகிவிட்டது. உங்கள் பையனை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இவ்வளவையும் எனக்கு வந்த ஆங்கிலத்தில், முன்னே பின்னே போட்டுச் சொன்னேன். பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச ஆரம்பித்தார். புரியாத இடத்தில் எல்லாம் “அகெய்ன், ப்ளீஸ்” என்றேன். முதல் தடவை சொல்வதற்குத்தான் உயிர் போனது. அப்புறம் அவ்வளவு கஷ்டமில்லை. எத்தனை தடவை கேட்டும் யாரும் என்னை எழுப்பி நிற்கவைக்கவில்லை.

பேச்சு நன்றாகப் போனது. கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பக்கம் முப்பது நாற்பது பேர் வருவார்கள், தங்க இடம் நாங்கள் பார்க்க வேண்டும். லாட்ஜ்களுக்கு இங்கே பஞ்சமா, பௌர்ணமி பார்த்துத் தேதி வைக்காமல் இருந்தால் போதும் என்றேன். பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உற்சாகம் வந்ததும் பழைய வேகமும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சடங்குகள் நிறைய, அவற்றை எல்லாம் இழுத்துக்கொண்டு வர வேண்டாம், அவை இல்லாமலே நாங்கள் சமாளித்துக்கொள்வோம், உங்கள் முறைப்படியே நடக்கட்டும் என்றார். ‘டூ வித்தவுட்’ என்று சொன்னார். அது எனக்குப் புரிந்தது பாய். ஓர் இத்தாலிக்காரர் சட்டைக்குக் காலரே வேண்டாம், அது இல்லாமல் தனக்குக் காரியம் ஆகும் என்று உங்களிடம் சொன்ன வார்த்தை அது. நீங்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது.

புரிந்த சந்தோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அந்த அம்மாளைப் பார்த்தேன்.

அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கணவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்னாலேயே தலை ஆடியது. உதட்டில் சிரிப்பு இருந்தது, கண் எங்கேயோ இருந்தது. அந்தத் தலையாட்டலை உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மகன் கல்யாணத்தில் தன் வீட்டுச் சடங்கு ஒன்றும் வேண்டாம் என்று முடிவாகிக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்த அம்மாள் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன முடிவாகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அகெய்ன், ப்ளீஸ். ஸ்லோ. ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட்” என்றேன்.

பெரியவர் பொறுமையாக மறுபடி சொன்னார். அம்மாளின் தலை நின்றது. “அகெய்ன்?” என்றேன். இந்தத் தடவை அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மஞ்சள் பூசுவது வேண்டாம், சங்கு ஊதுவது வேண்டாம், நாங்கள் சும்மா வந்து உட்கார்ந்துகொள்வோம் என்று. அந்த அம்மாள் சட்டென்று கணவர் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். குரல் தணிவாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தாமல் சொன்னார். பெரியவர் தலையைச் சொறிந்தார். பிறகு என்னிடம், என் மனைவிக்குச் சங்கும் மஞ்சளும் இல்லாமல் கல்யாணம் கிடையாதாம், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். என் மனைவி பின்னாலிருந்து தமிழிலேயே, “மஞ்சளுக்கு என்னா ஆட்சேபணை, தாராளமா பூசட்டும்” என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. புரிந்த ஒன்றைப் புரியவில்லை என்று சொல்லி, இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இதை நான் எங்கே பார்த்தேன்?

கடைசி இரண்டு மூன்று வருஷமாக நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்ட வார்த்தையையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நாம் ஒரு டீ முழுக்கப் பேசித் தீர்த்த வார்த்தையை, மறுவாரம் யாராவது சொன்னால், முதல் தடவை கேட்பவர் மாதிரி “அகெய்ன்?” என்பீர்கள். டீக்கடையில் எல்லார் முன்னாலும் நான் கேலி பண்ணினேன். “பாய்க்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சி. நேத்து சொன்னது இன்னிக்கி இல்ல.” உங்கள் வீட்டம்மாவிடம்கூட ஒருநாள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவைத்தேன். நீங்களோ, “ஆமாய்யா, வயசாவுது” என்று சிரித்துக்கொண்டு நூலைக் கோத்தீர்கள்.

கேட்பதற்கு முன்னால் ஒரு நொடி என் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் தலை அவசரமாக ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் பட வேண்டிய வெட்கத்தை நீங்கள் ஒருவரே பட்டுக்கொண்டு, மறதிக்காரர் என்ற பெயரையும் என்னிடமிருந்தே வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். விரலைத் திரையில் நீட்டியதற்கு நான் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை பாய். அதற்கு மன்னிப்புக் கேட்க எதிரில் ஓர் ஆள் இருந்தார்.

நம் தெரு ஆட்களில் பாதிப்பேர் எனக்கு மறந்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். இந்த ஒரு வார்த்தை மறக்காது. இனி என் கடை வாசலில் யார் தலை அவசரமாக ஆடினாலும் கேட்பேன். எனக்குப் புரிந்திருந்தாலும் கேட்பேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கால் முடிகிற நேரத்தில், பெரியவர் போனை எடுக்கக் குனிந்தபோது, அந்த அம்மாள் திரையில் என்னை நேராகப் பார்த்தார். கணவருக்குத் தெரியாமல், முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து ஒருமுறை கும்பிட்டார். விடைபெறும் கும்பிடு முன்பே ஆகிவிட்டிருந்தது. இது வேறு. நான் எதற்காக மறுபடி கேட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் எதற்காகக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரிய நீங்கள் போக வேண்டியிருந்தது. அந்த அம்மாளுக்கு அந்த ஒரு நிமிஷமே போதுமாக இருந்தது.